பட்டி பூசிய சுவர்

எனக்குக் கோபம் வரும். எல்லோருக்கும் வருகிற கோபம்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கை ஓங்கியதில்லை, தட்டை வீசியதில்லை, குடிப்பழக்கம் இல்லை. குரல் கொஞ்சம் உயரும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டிவியின் சத்தம் குறையும். அடுக்களையில் பேச்சு நிற்கும். மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அது பயம் என்று எனக்கு உறைத்தபோது மகள் எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இனி நான் சொல்லப்போவது வீட்டுச் சுவரை அலங்கரித்த கதை. ரசனையில் நேர்ந்த ஒரு பிழையாக அதைச் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் போகக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடி. ஒரு பக்கம் மின்சார ரயில், இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம். உள்ளே அம்மாவின் சீரியல், குக்கர் விசில், மகளின் வீணை. நாள் முழுக்க அலுவலகத்தில் கணக்குகளோடு இருந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலாவது அமைதி வேண்டாமா என்று தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் ஜப்பானிய வீடுகளின் படங்கள் கண்ணில் படத் தொடங்கின. மண் நிறச் சுவர், அதில் ஒரே ஒரு சுருள்படம், கீழே ஜாடியில் ஒற்றைக் கிளை. பார்த்த மாத்திரத்தில் மூச்சு சீரானதுபோல் இருந்தது. எனக்கு வேண்டியது இது, இது சுவரில் இருக்கிறது, ஆகவே சுவரை மாற்றினால் கிடைத்துவிடும் என்று முடிவுகட்டினேன்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்யவில்லை. தேடித் தேடிப் படித்தேன். 1984-இல் ராஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள். 23 பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். அவர்களை வயது முதலியவற்றில் ஒத்த வேறு 23 பேருடைய ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. கண்ணில் படுவது உடம்பைத் தொடும் என்பதற்கு நல்ல சான்று அது. இன்றும் நம்புகிறேன். ஆனால் நான் அதைப் பயன்படுத்தியது வேறு காரியத்துக்கு. "இருக்கிற படத்தையெல்லாம் ஏங்க கழட்டணும்?" என்று மனைவி கேட்டபோது அவள் வாயை அடைக்க அந்த ஆய்வை எடுத்துப் போட்டேன். அந்த நோயாளிகளின் அறையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை, அவர்களுக்கு ஒரு ஜன்னல் வாய்த்திருந்தது, அவ்வளவுதான். இதை அவள் சொல்லியிருக்கலாம். நான் சொல்ல விடவில்லை.

கழற்றியவை எவை என்று சொல்ல வேண்டும்.

ஹாலின் நீளச் சுவரில், நடுவில், வள்ளி தெய்வானையோடு முருகன் படம். அம்மாவுக்குக் கோவில்பட்டி. அந்த ஊரில் இருந்து வரைந்தவர் சி. கொண்டையராஜு, 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகத் தமிழ்நாட்டின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. எங்கள் முருகனும் அந்த வழியில் வந்தவர்தான். ஒரு கடைக் காலண்டரில் வந்ததை என் தாத்தா அளவாக வெட்டிக் கண்ணாடி போட்டு, அம்மாவைக் கட்டிக்கொடுத்தபோது சீரோடு சீராக அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் சந்தன மாலையோடு அப்பாவின் படம். இரண்டும் நம் ஊர் வழக்கப்படி உயரத்தில், கீழ்விளிம்பு ஆணிகளில் உட்கார, மேல்விளிம்பு கயிற்றில் முன்பக்கம் சாய்ந்து நின்றன. அப்படிச் சாய்த்து மாட்டினால்தான் கீழே நிற்கிறவரைப் படத்தில் இருப்பவர் பார்க்க முடியும். எனக்கு அந்தச் சாய்வு கண்ணை உறுத்தியது.

அப்புறம் தேதி கிழிக்கும் காலண்டர். அம்மா காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழித்து, திதி என்ன, ராகுகாலம் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் போவாள். திருச்செந்தூரில் வாங்கிய சிப்பித் தொங்கல். மகளின் படங்கள், செலோடேப் மஞ்சளாகிப் போனவை. மாமனார் கொடுத்த சுவர்க் கடிகாரம்.

அடுக்களைக்குப் போகும் நிலையை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து ஏறிக்கொண்டு போகும் பென்சில் கோடுகள். என் மகள் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு பிறந்தநாளிலும் அப்பா அவளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, தலைமேல் அடிஸ்கேலை வைத்துக் கோடு போடுவார். கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. தேதிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வார்த்தை: அம்மை போட்டு இறங்கியது, மேல்பல் விழுந்தது, தனியாக மாடி ஏறினாள். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் எழுதினாலும் கரும்பலகைக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். அவர் போன பிறகு என் மனைவி கோடு மட்டும் போட்டுவந்தாள். வார்த்தை எழுதவில்லை. அது மாமாவுடைய இடம் என்றாள்.

நான் படித்த ஜப்பானிய விஷயங்களில் ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. தேநீர்ச் சடங்கை எளிமையின் உச்சத்துக்குக் கொண்டுபோன சென் நோ ரிக்யூ (1522–1591) வீட்டுத் தோட்டத்தில், விடியலில் மலர்ந்து வெயில் ஏறுமுன் வாடிவிடும் கொடிப்பூ ஏராளமாகப் பூத்திருந்ததாம். அதைப் பார்க்க அன்றைய ஆட்சியாளர் ஹிதேயோஷி ஒருநாள் காலையில் வந்தார். தோட்டத்தில் ஒரு பூ இல்லை; எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார்கள். ஏமாற்றத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தால் சுவர் மாடத்தில் ஒற்றைப் பூ. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மற்றவற்றை எடுத்துவிட வேண்டும் என்று விளக்கமும் சொல்வேன். ரிக்யூ வெட்டியது தன் தோட்டத்தை, அதுவும் வருகிற ஒருவருடைய கண்ணுக்காக. நான் வெட்டியது மற்றவர்களுடையதை, என் கண்ணுக்காக. கதையில் வெட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டிருந்தேன்.

போதிதருமரையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். ஜென் மரபு தன் முதல் குருவாகக் கொள்ளும் அவரைத் தென்னிந்திய அரசகுமாரன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. "வெறும் சுவரே போதும்னு காட்டினவர் நம்ம ஊர்க்காரர்தாம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்தது தன்னைப் பார்க்க. நான் சுவரை வெறுமையாக்கியது என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குற்றம் சொல்வதற்கு.

பெயின்டர் வந்தார். எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் வேலை பார்த்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே மண் கலந்த வெள்ளை நிறத்தில் பளபளப்பு இல்லாத எமல்ஷன். அதுதான் ஏற்பாடு. நிலைப் பக்கம் வந்ததும் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இங்க பாப்பா ஹைட்டு எழுதியிருக்கு. இத விட்டுட்டு அடிக்கவா?"

நான் யோசித்தேன். கவனக்குறைவில் வாய்தவறிச் சொல்லவில்லை, யோசித்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அந்தக் கோடுகளோடு சுவரைக் கற்பனை செய்து பார்த்தேன். நான் மனதில் வைத்திருந்த படம் கலைந்தது. "அதையும் சேத்து அடிச்சிடுங்க" என்றேன். அவர் மறுபடி ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

மாலையில் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பையை இறக்கிவைக்கக்கூட இல்லை, நேராக அந்தச் சுவரிடம் போனாள். ஈரப் பட்டியில் கைவைத்துப் பார்த்தாள். "தாத்தா எழுதினது எங்கப்பா?" என்று கேட்டாள். அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள், அம்மா வந்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அண்ணன் கவனிக்காம அடிச்சிட்டார். நான் சொல்லிட்டுத்தான் போனேன், அவர் மறந்துட்டார்."

பெயின்டர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். பட்டித்தகடு கையில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அவரைப் பார்த்து, "ஏன்ய்யா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். "தப்புதாம்மா" என்றார். நானும் அவரை நாலு வார்த்தை திட்டினேன். பொய்யை உறுதிப்படுத்த அது தேவைப்பட்டது.

சுவர் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. கனத்த திரைச்சீலைகளை எடுத்து மெல்லிய மூங்கில் தட்டி போட்டேன். பழைய மெத்தை சோபா போய் மரப் பலகை இருக்கை வந்தது. புத்தக அலமாரி உள்ளறைக்குப் போனது. நீளச் சுவரின் நடுவில் கான்வாஸில் அச்சிட்ட ஒரு கறுப்பு வட்டம். என்சோ என்பார்கள். ஜென் துறவிகள் தூரிகையால் ஒரே வீச்சில் போட்டுத் திருத்தாமல் விட்டுவிடுவது. அந்த நொடியில் போட்டவரின் மனம் எப்படி இருந்ததோ அப்படியே அதில் பதிந்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. செங்காய் (1750–1837) போட்ட வட்டங்களை இன்றும் உற்றுப் பார்க்கிறார்கள். என்னுடையது இயந்திரத்தில் அச்சானது. எந்தக் கையும் எந்த மூச்சும் அதில் இல்லை. புத்தர் தலையை மட்டும் வரைந்து விற்கும் படங்களை நான் வாங்கவில்லை, ஒரு மதத்தின் குருவை அறைகலனாக்கக் கூடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நான் செய்ததும் அதேதான் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு நான் அந்தச் சுவருக்குக் காவல்காரன் ஆனேன். ஆணி அடிக்கக் கூடாது. செலோடேப் ஒட்டக் கூடாது. பையைச் சாய்த்து வைக்கக் கூடாது. விருந்தாளிகளின் குழந்தைகள் வந்தால் என் கண் குழந்தைகளின் கையிலேயே இருக்கும். முன்பு கோபத்துக்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. இப்போது முந்நூறு சதுர அடிக்குக் காரணம் கண்ணெதிரே நின்றது. அமைதிக்காகச் செய்த சுவர் முன்னால்தான் வீட்டில் அதிகமாகக் கத்தினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து சுவரில் தலைசாய்ப்பவள். முட்டி வலி, பலகை இருக்கை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் ஒருநாளும் இருந்ததில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் உட்காரும் இடத்தில் சுவரில் ஒரு கறை இருக்குமே, அது மெல்ல மெல்ல என் சுவரிலும் வந்தது. கியோத்தோவில் ரியோவான்-ஜி கோயிலின் கல் தோட்டம் உலகம் அறிந்தது. வெண்சரளையில் 15 கற்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்திருக்கும். அந்தத் தோட்டத்தின் பின்னால் ஒரு தாழ்ந்த மண்சுவர் ஓடுகிறது. எண்ணெய் சேர்த்துக் குழைத்த மண். காலப்போக்கில் அந்த எண்ணெய் கசிந்து சுவரெங்கும் கறை கறையாகப் படர்ந்திருக்கிறது. அந்தக் கறைகளைத்தான் வருகிறவர்கள் மெய்மறந்து பார்க்கிறார்கள். இந்தச் சுவரின் படம் என் கைப்பேசியில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அம்மாவிடம் கத்தினேன்.

எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியவந்தது தற்செயல். மகளுக்குத் தனிக் கைப்பேசி கிடையாது. வீணை ஆசிரியை வீட்டுப் பயிற்சியைப் பதிவு செய்து அனுப்பச் சொல்வார்; அவள் என்னுடையதை எடுத்துப் பதிவு செய்வாள். அலுவலகம் போகும் ரயிலில் ஒருநாள் வேறு எதையோ தேடும்போது அழிக்காமல் விட்ட ஒரு பதிவு கிடைத்தது. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். வீணை ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு ஆணின் குரல். "யாரு இங்க மறுபடி சாஞ்சு உக்காந்தது? எத்தன தடவ சொல்றது?" தந்தி நின்றுவிடுகிறது. குரல் முடிந்த பிறகும் அதன் வால் அறையில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு அம்மா, மிகச் சின்னக் குரலில்: "துடைச்சிர்றேன்ய்யா."

மாம்பலத்தில் இறங்க வேண்டியவன் இறங்கவில்லை.

அந்த வால் என்னை விடவில்லை. முன்பெல்லாம் நம் வீடு இப்படி ஒலித்ததில்லையே என்று தேடினேன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசினால் பேச்சு புரியவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, மெத்தை கூடக் கூட ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அரங்க ஒலியியல் என்ற துறையே அதிலிருந்து பிறந்தது. கெட்டியான வழவழப்பான பரப்பு ஒலியைத் திருப்பி அனுப்பும். துணியும் மெத்தையும் உறிஞ்சும். புத்தக அடுக்கு சிதறடிக்கும். நான் வீட்டிலிருந்து அகற்றியது உறிஞ்சுகிற, சிதறடிக்கிற பொருள்கள் எல்லாவற்றையும். உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கிய சுவர் என் குரலை அப்படியே என் வீட்டார்மேல் திருப்பி எறிந்திருக்கிறது. ஜப்பானிய அறை அமைதியாக இருப்பதற்குக் காரணம் அது காலியாக இருப்பது மட்டுமல்ல. தரை முழுக்க வைக்கோல் திணித்த பாய், காகிதக் கதவு, வைக்கோல் கலந்த சொரசொரப்பான மண்சுவர். யாமசாக்கியில் ரிக்யூ 1582 வாக்கில் அமைத்ததாகச் சொல்லப்படும் தாய்-ஆன் தேநீர் அறை இரண்டே பாய் அளவு. அதன் வாசல் ஏறக்குறைய இரண்டரை அடி. எப்பேர்ப்பட்ட போர்வீரனும் வாளை வெளியே விட்டுவிட்டுக் குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். அந்த வாசலைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். சுவரின் நிறத்தைக் குறித்துக்கொண்டேன், வாசலை விட்டுவிட்டேன்.

அன்று மாலை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவின் படம் எங்கே என்று கேட்டேன். பரணில்தான் வைத்திருந்தேன், அங்கே இல்லை. அம்மா எழுந்து போய்த் தன் பீரோவைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் காந்தம் வைத்துத் தேதிக் காலண்டர். தாள் அன்றைய தேதியில் இருந்தது. புடவைகளுக்கு நடுவே அப்பா, மாலையோடு. காலையில் கதவைத் திறந்து, தேதி கிழித்து, பூ வைத்து, மூடிவிடுவாளாம். ஆணி அடிக்கக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தேன். இரும்புப் பீரோவில் ஆணி தேவையில்லை. "வெளிய எடுத்து மாட்டிடலாம்மா" என்றேன்.

"வேண்டாம்ய்யா. அவரு அங்கனயே இருக்கட்டும். அங்கன்னா சத்தம் கேக்காது."

அப்பா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அம்மா இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு எது நல்லது என்று பார்த்து ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

சுவரைப் பற்றிய உண்மை மட்டும் அப்போதும் என் வாயில் வரவில்லை. கோபத்துக்கு மன்னிப்புக் கேட்பது எளிதாக இருந்தது. கோபம் ஒரு குணம், பிறவியிலேயே வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்க்கு அப்படி ஒரு மூடாக்கு கிடைக்கவில்லை. அதைச் சொல்ல வைத்தது, நம்பக் கடினமாக இருக்கலாம், மறுபடியும் ஜப்பான்தான். சுவரை மறுபடி என்ன செய்யலாம் என்று பார்க்க அந்தப் புத்தகங்களை இம்முறை முழுதாகப் படித்தேன்.

ரிக்யூ ஒற்றைப் பூவை வைத்த அந்தச் சுவர் மாடத்துக்குப் பெயர் தொகோனோமா. அதில் தொங்கும் சுருளை வருகிறவர் யார், பருவம் என்ன என்று பார்த்துத் தேர்ந்து மாட்டுகிறார்கள். பிறகு சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அதில் ஓவியம் தொங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தேநீர் மரபில் அங்கே மிக உயர்ந்த இடம் ஓவியத்துக்கு இல்லை, கையெழுத்துக்கு. மறைந்துபோன ஜென் ஆசிரியர் ஒருவர் மாணவனுக்கு எழுதிய கடிதம், சான்று, அறிவுரை, இரண்டு மூன்று வார்த்தைகூடப் போதும். தேநீர் மரபின் தொடக்கத்தில் நிற்கும் முராதா ஜுக்கோ (1423–1502) தன் குரு இக்கியூவிடமிருந்து, யுவான்வூ கெச்சின் (1063–1135) என்ற சீனத் துறவியின் கையெழுத்தைப் பெற்றுத் தன் தேநீர் அறையில் மாட்டினார் என்பது வழிவழிச் செய்தி. அதே துறவி 1124-இல் எழுதிய ஒரு சுருள் இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரக்குழலுக்குள் இருந்தபடி கடலில் மிதந்து சாத்சுமா கரையில் ஒதுங்கியது என்று அதற்கு ஒரு கதையும் உண்டு. தவழ்ந்து உள்ளே நுழைகிற விருந்தினர் முதலில் செய்வது என்ன? அந்தச் சுவரின் முன் உட்கார்ந்து, இல்லாமல் போன ஓர் ஆசிரியரின் எழுத்தைக் கும்பிடுவது.

இதைப் படித்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. புத்தகத்தை மூடவும் முடியவில்லை, மேலே படிக்கவும் முடியவில்லை. ஜென் சுவர் வேண்டும் என்று சொல்லி ஓர் ஆசிரியரின் கையெழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் அப்படியொரு சுவர் ஏற்கெனவே இருந்தது, ஆண்டுக்கொருமுறை அதன் முன் ஒரு குழந்தை நிமிர்ந்து நின்றது.

மறுநாள் மகளையும் மனைவியையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். பெயின்டர் கேட்டார், நான்தான் அடிக்கச் சொன்னேன், அவர்மேல் பழியைப் போட்டேன். மனைவி அழுதாள். அம்மா, "அந்தப் பிள்ளைய நான் வைதேனேய்யா" என்றாள். மகள் அழவில்லை. ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவர்கிட்ட சொன்னீங்களாப்பா?"

இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டாரிடம் சொன்னதோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த பல்லாவரம் கட்டடத்துக்குப் போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கையில் ஒட்டியிருந்த பட்டியை உரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார். பாப்பா நின்னுச்சு. அப்பன் பொய் சொல்றான்னு அது முன்னால எப்படிச் சொல்றது?"

சுரண்டிப் பார்த்தால் அடியில் கிடைக்குமா என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டேன். "இல்ல சார். தேய்ச்சிட்டுத்தான் பட்டி போட்டேன். பென்சில் நிக்காது" என்றார். அம்மா வைததற்கு வருத்தப்படுகிறாள் என்றேன். அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

பிறகு அவரே சொன்னதுதான் எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம். எங்கள் கீழ்வீட்டுக்காரர் முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க அவரிடம் பேசி வைத்திருந்தாராம். அந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாடிப்படியில் அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன்: "கவனமில்லாத ஆள் சார், எங்க அப்பா எழுதினதையெல்லாம் அழிச்சிட்டார்." பெயின்டருடைய தீபாவளி அந்த வேலையை நம்பி இருந்திருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. செய்யாத வேலைக்கு எதுக்கு சார் என்றார்.

கீழ்வீட்டுக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வேறொருவரை வைத்து வேலையை முடித்துவிட்டிருந்தார். குடியிருப்பில் இன்னும் யார் யாரிடம் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவர்களில் சிலர் இந்தப் பத்திரிகை படிப்பவர்கள்.